எண்ணெய் பிரிந்த சாக்லேட்

அடையாற்றில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஜெசிந்தா சமையலுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த மூன்று மாதமும் அவள் பயந்துகொண்டேதான் அடுப்பு மூட்டினாள். அவளுக்கு முன்னால் இருந்த தேசம்மாவை, சூப்பில் உப்பு கூடிவிட்டதென்று துரை தட்டைத் தூக்கி எறிந்து துரத்தினார். எறிந்தது போதாதென்று ஒரு சிட்டும் எழுதிக் கொடுத்தார். வேலை பார்த்தவள் எப்படிப்பட்டவள் என்று துரைமார் எழுதித் தரும் அந்தக் காகிதத்தைக் காட்டாமல் வேறு பங்களாவில் வேலை கிடையாது. தேசம்மாவின் சிட்டைப் படித்த ஒருவரும் அவளைக் கேட்டுக்குள் விடவில்லை. இப்போது கொட்டிவாக்கத்தில் கருவாடு காயப் போடுகிறாள். ஜெசிந்தாவின் புருஷனைக் கடல் கொண்டுபோய் இரண்டு வருஷம். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். அப்படி ஒரு காகிதம் அவள் கைக்கும் வந்தால் அவர்கள் பட்டினிதான்.

இன்று துரைக்குப் பிறந்தநாள். கிண்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருக்கிறார். ஐந்து மணிக்கு விருந்தாளிகளோடு வந்துவிடுவார். கேக் தயார். அதன்மேல் ஊற்றுவதற்கு, சீமையிலிருந்து கப்பலில் வந்த சாக்லேட் கட்டி ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருந்தது.

"சாக்லேட் சின்னதா வெட்டு. க்ரீம் சூடு பண்ணு. மேலே ஊத்து. கலக்கு. அவ்வளவுதான்" என்று துரையின் மனைவி, துரைசானி, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, தலைவலி என்று மாடிக்குப் போய்விட்டாள்.

ஜெசிந்தா சொன்னபடியே செய்தாள். சாக்லேட் உருகி, கறுப்பாகப் பளபளவென்று வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுப்பில் ஏற்றிக் கிண்டாத இனிப்பை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்குக் குப்பத்தில் தேங்காய்ப்பால் அல்வா கிண்டினால் மூன்று மணி நேரம் தோள்பட்டை கழன்றுபோகும். எண்ணெய் பிரிந்து வந்தால்தான் பதம். இது என்ன, பச்சையாகவே இருக்கிறதே! விருந்தாளிகளுக்கு வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பயத்தில் பாத்திரத்தைத் தூக்கிக் கரி அடுப்பில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் எண்ணெய் பிரிந்தது. அப்பாடா, பதம் வந்துவிட்டது என்று மனசு குளிர்ந்து, நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மணல் மாதிரி நறநறத்தது. பளபளப்பெல்லாம் போய், சேற்றுக் கட்டி ஒன்று எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே, எம் புள்ளைங்க வாயில மண்ணப் போட்டுட்டனே" என்று முனகினாள். பின்வாசல் திறந்துதான் இருந்தது. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சிட்டு இல்லாமல் ஓடி எங்கே போவது?

அப்போது துரைசானி வாசற்படியில் வந்து நின்றாள். பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, பச்சையா கீதேன்னு அடுப்புல வச்சிட்டேம்மா. எண்ணெ பிரிஞ்சாத்தான் எங்க ஊட்ல பதம். தொரைகிட்ட சொல்லிடாதீங்கம்மா!"

துரைசானி திட்டவில்லை. முகத்தில் பொட்டு ரத்தம் இல்லாமல் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "வேற சாக்லேட் இல்லே. நான்தான் சொல்லிக் குடுத்தேன். துரை என்னைத்தான்..." என்றவள் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சட்டைக் கைக்குக் கீழே நாலு விரலும் பதிந்த நீலத் தடம் தெரிந்தது.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள். குப்பத்தில் அந்தத் தடத்தை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தன்னைவிடப் பயந்த ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், அவளுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பு திரிந்துபோனால் என்ன செய்வோம்? இறக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைச் சேர்ப்போம்.

"நீங்க அழாதீங்கம்மா. டீக்குக் காச்சி வச்ச அந்தப் பாலக் கொஞ்சம் இப்டி எடுங்க."

துரைசானி எடுத்துக் கொடுத்தாள். ஜெசிந்தா பாத்திரத்தை இறக்கி, வெதுவெதுப்பான பாலை ஒரு கரண்டி விட்டு ஒரே பக்கமாகக் கலக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கரண்டி. தெருமுனையில் காரின் ஹாரன் கேட்டது. துரைசானியின் விரல்கள் அவள் தோளை இறுக்கின. மூன்றாவது கரண்டியில் எண்ணெய் உள்ளே இழுத்துக்கொண்டது. சாக்லேட் மறுபடி பளபளத்தது. ஜெசிந்தா அதை அப்படியே கேக்கின்மேல் ஊற்றினாள்.

துரை இரண்டு துண்டு தின்றார். தட்டு மேஜையிலேயே இருந்தது.

மறுநாள் காலை துரைசானி சமையலறைக்கு வந்து, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள். ஜெசிந்தா வாங்காமல் பின்னால் நகர்ந்தாள்.

"இன்னாம்மா இது? என்னைப் போவச் சொல்றீங்களா?"

"இல்லே, இல்லே. நல்ல சிட்டு. கெட்டிக்காரி, நம்பலாம் என்று எழுதினேன். பத்திரமா வை. துரை உன்மேல் தட்டு எறிஞ்சா, நிக்காதே. போய்விடு."

ஜெசிந்தா காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பிரித்துப் பார்த்தாள்.

"அப்ப நீங்கம்மா?"

துரைசானி சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு யார் எழுதித் தருவாங்க, ஜெசிந்தா?"