டப்பாக் குழம்பு

வடிவம்மாளின் கையிலிருந்து கரண்டி பறிபோனது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பறித்தவள் தம்பி பெண்டாட்டி சுகிர்தா. பறிக்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் டீச்சர் வேலை. காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் வண்ணார்பேட்டை வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. பின்னாலேயே, ஆனித் திருவிழாப் பொருட்காட்சியில் வாங்கிய பன்னிரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் வந்தன. ஞாயிறு காலையில் ஒரே மூச்சில் ஒரு வாரத்துக்கான குழம்பை வைப்பாள். டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்குவாள். வேண்டியபோது டப்பாவோடு கொதிக்கிற வெந்நீரில் இறக்கினால் ஐந்து நிமிஷத்தில் சாப்பாடு.

"மதினி, நீங்க ஏன் அடுப்புல கெடந்து வேகணும்? உக்காருங்க."

உட்கார வைத்துவிட்டாள். அதுதான் குற்றம்.

வடிவம்மாள் தாலியறுத்துத் திரும்பி வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. தாயில்லாத தம்பி சிவகணேஷுக்கு ஒன்பது. அன்றிலிருந்து இருபத்தோரு வருஷம் அவன் நாக்கு அவள் கைக்குள் இருந்தது. "அக்கா, இன்னைக்கு ரசம் நல்லாருக்கு" என்ற ஒற்றை வரியில்தான் அவளுடைய பொழுது விடிந்து அடைந்தது. இப்போது அவன், "சுகிர்தா, இன்னைக்கு எந்த டப்பா?" என்று கேட்டான்.

ஆனாலும் அவளுக்கென்று ஒன்று மிச்சம் இருந்தது. சுகிர்தா முழுகாமல் இருந்தாள். பிறந்த பிள்ளை நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்கிறதைச் சேனை வைக்கிறது என்பார்கள். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அறுத்தவள் கையாலா என்று சொந்தத்தில் முணுமுணுத்தபோது சிவகணேஷ் ஒரே பேச்சில் வாயை அடைத்தான்.

"எனக்கு அவதான் அம்மை. சேனை அவதான் வைப்பா."

அதோடு திருப்தியாக இருந்திருக்கலாம். வடிவம்மாளுக்குக் கரண்டியும் வேண்டியிருந்தது.

காய்கறிக் கடையில் ஒருவன் அந்த ஜெராக்ஸ் நோட்டீஸை நீட்டியபோது சுகிர்தாவுக்கு நான்காம் மாசம். அடியில், 'பத்துப் பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும்' என்று போட்டிருந்தது. வடிவம்மாள் கடை வாசலில் நின்றே இரண்டு முறை படித்தாள். அன்று சாயங்காலம் இருவரையும் எதிரே உட்கார வைத்துக் கண்ணாடியை மாட்டினாள்.

"கேட்டுக்கிடுங்க. 'சூடான பண்டத்தைப் பிளாஸ்டிக்கில் ஊற்றினால் நஞ்சு இறங்கும். உறைய வைத்துச் சுட வைத்தால் அது இரட்டிப்பாகும். புற்றுநோய் வரும்.'"

நோட்டீஸ் அதோடு முடிந்தது. வடிவம்மாள் முடிக்கவில்லை. கண்ணைக் காகிதத்தை விட்டு எடுக்காமல் அதே குரலில் தொடர்ந்தாள்.

"'கர்ப்பிணிகள் உண்டால் வயிற்றிலுள்ள சிசு கட்டிபட்டு வளர்ச்சி நின்றுவிடும்.'"

சுகிர்தாவின் கை தன்னால் வயிற்றுக்குப் போனது. "யாரு மதினி எழுதியிருக்கா? குடுங்க பாக்கேன்."

"அமெரிக்கா டாக்டரு. வயித்துப்பிள்ளக்காரி இதையெல்லாம் தொடப்படாது." எழுந்து போய்க் காகிதத்தை அடுப்பில் போட்டாள்.

சிவகணேஷ் எழுந்தான். ஃப்ரீசரைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்தில் வீசினான். ஐஸ்கட்டியான குழம்பு கல் போல உருண்டது. பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

மறுநாள் கரண்டி திரும்பி வந்தது. பிளக்கைப் பிடுங்கிய ஃப்ரிட்ஜுக்குள் வடிவம்மாள் புளியும் வத்தலும் வைத்தாள்.

நிறுத்தியிருக்கலாம். ருசி கண்டுவிட்டாள்.

"அசைவு தெரியுதா?" என்று ஐந்தாம் மாசத்திலிருந்து தினமும் காலையில் கேட்பாள்.

"தெரியுது மதினி."

"நேத்தைக்குக் காட்டிலும் கம்மியா?"

அவ்வளவுதான். சுகிர்தா அன்று முழுக்க வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் எண்ணினாள். கன்னம் ஒட்டிவிட்டது. புருஷன் முகம் கொடுத்துப் பேசி இரண்டு மாசம் ஆயிற்று. "நான் வேணும்னா செஞ்சேன்?" என்று அவள் அழுதபோது வடிவம்மாள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "படிச்சவதானே, ஒனக்குத் தெரிய வேண்டாமா ளா?" என்றாள் பைய.

பிள்ளை வயிற்றுக்குள் கட்டிபட்டுவிட்டது என்று, மேலப்பாளையத்திலிருந்து சேலை மூட்டையோடு வரும் ஆசியா உம்மாளிடமும் சொன்னாள்.

"டாக்டர் பாத்துச் சொன்னாகளா, இல்ல நீங்களாச் சொல்லுதியளா?" என்றாள் ஆசியா உம்மாள்.

"காயிதத்துலயே போட்டிருக்கும்மா."

"புள்ளத்தாச்சி காதுல போடுத பேச்சா இது?" ஆசியா உம்மாள் மூட்டையைக் கட்டி எழுந்துவிட்டாள்.

அவளிடம் வேகாதது தெருவில் வெந்தது. ஏழாம் மாச வளைகாப்புக்கு வந்த பெண்கள் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தார்கள். ஒருத்தி, தன் கர்ப்பிணி மகளைச் சுகிர்தா பக்கத்தில் உட்காரவிடாமல் இழுத்துக்கொண்டு போனாள். பாதிக்கை வளையலோடு சுகிர்தா மணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க வடிவம்மாளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

எட்டாம் மாசம் ஒருநாள் சுகிர்தா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கை கால் கழுவினாள். இலையில் உட்கார்ந்து, "மதினி, இன்னும் ரெண்டு கரண்டி விடுங்க" என்றாள். மறுநாள் காலையில் அசைவைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்லா உதைக்கி" என்றாள். அழவில்லை.

வடிவம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று விளங்கவும் இல்லை.

பிள்ளை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். மூன்றே கால் கிலோ. நர்ஸ் துண்டில் சுற்றிக் கொடுத்தபோது அது கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. வடிவம்மாள் தலை முழுகி, புதுச்சேலை கட்டி, வெள்ளிக் கிண்ணத்தில் சீனித்தண்ணீர் கலந்து கொண்டு வந்தாள். கட்டில் ஓரத்தில் சிவகணேஷ். மறுபக்கம், கூட வேலை பார்க்கும் சாலோமி டீச்சர்.

வடிவம்மாள் விரலை நனைத்தாள். குனிந்தாள்.

"மதினி, நீங்க வைக்கப்படாது."

விரல் அந்தரத்தில் நின்றது. சீனித்தண்ணீர் சொட்டியது.

"என்னளா சொல்லுத?"

"அந்த டப்பாக் குழம்ப நான் மட்டுமா சாப்பிட்டேன்? ரெண்டு வருசமா நீங்களும் அதைத்தான சாப்பிட்டிய? நானும் ஒங்க தம்பியும் மத்தியானமாவது வெளிய சாப்பிட்டோம். நீங்க மூணு வேளையும். என் ஒடம்புல எறங்குன நஞ்சு ஒங்க ஒடம்புல எறங்காதா? அந்த விரல எப்படிப் பச்சப்பிள்ள வாயில வைக்க விடுவேன்?"

"எனக்கு ஒண்ணும் இல்லியே. கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப நோட்டீஸு பொய்யா?"

சுகிர்தா வடிவம்மாளைத் தன் பக்கம் குனியச் சொல்லிக் காதோடு பேசினாள்.

"அந்த நோட்டீஸு எட்டாம் மாசம் எங்க டீச்சர் ரூம்லயும் வந்துச்சு, மதினி. ஜெராக்ஸுதானே. ஆறு தடவ படிச்சேன். கர்ப்பிணின்னு ஒரு வார்த்த கெடையாது. தம்பிட்ட சொல்லிட்டு வைங்க. 'அந்த வரி நானாச் சேத்தது'ன்னு சொன்னாப் போதும். நானே பிள்ளையத் தூக்கித் தாரேன்."

"என்னக்கா? என்ன சொல்லுதா?" என்றான் சிவகணேஷ்.

வடிவம்மாள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து மாசம் பெண்டாட்டியோடு பேசாமல் இருந்தவன். கோயில் கோயிலாகப் போய் மண்சோறு தின்றவன். விஷயம் தெரிந்தால் அவன் என்ன செய்வான் என்பது வளர்த்தவளுக்குத் தெரியாதா? இன்றைக்கே பெட்டியைத் தூக்கி வாசலில் வைப்பான்.

"அக்கா, நோட்டீஸு நெசந்தானே?"

"நெசந்தான்" என்றாள் வடிவம்மாள்.

சிவகணேஷ் பிள்ளையைப் பார்த்தான். அக்காவின் ஈர விரலைப் பார்த்தான். அவன் கண்ணில் முதல்முதலாக ஒரு அருவருப்பு வந்து உட்கார்ந்தது.

"அப்ப நீ தள்ளியே நில்லுக்கா. வீட்டுலயும் கொஞ்ச நாளைக்குப் பிள்ளையத் தொடாண்டாம். சாலோமி டீச்சர், நீங்க வைங்க."

"சீனித்தண்ணி?" என்றாள் சாலோமி.

"இது வேண்டாம். வேற கரைச்சுக்கிடுவோம்."

சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். அதைச் சுற்றிப் பிடித்து, அக்காவின் விரல் தன்மேல் படாதபடி வெள்ளிக் கிண்ணத்தை வாங்கினான். வார்டு மூலையில் இருந்த தொட்டியில் கவிழ்த்துவிட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டான்.