தானே அடித்த கூடாரம்

இந்தக் காலத்துப் பெற்றவர்களுக்கு மூளை எங்கே போயிற்று என்று கிழவருக்கு விளங்கவே இல்லை. வீட்டில் பிள்ளை தான் தின்ற தட்டை எடுத்தால், வை கண்ணு, நான் கழுவிக்கிறேன் என்று பிடுங்கிக்கொள்கிறார்கள். அதே பிள்ளை ஏதோ ஒரு திடலில் வரிசையில் நின்று தட்டைக் கழுவினால், படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். கேட்டால் ஆளுமை வளர்ச்சி முகாமாம். லாரி ஓட்டியே காலத்தைத் தள்ளிய அவருக்கு, பலகை வைத்துக் கூவுகிற எதன்மீதும் நம்பிக்கை கிடையாது.

மகளின் மகள் முகாமுக்குக் கிளம்பிய அன்றே வாய்த்தகராறு. படுத்த போர்வையை மடிக்காதவளா கூடாரம் அடிக்கப் போகிறாள் என்று கேட்டுவிட்டார். பதிமூன்று வயது ரோஷம் சும்மா இருக்குமா? கடைசி நாள் வந்து பாருங்கள் என்றாள்.

"நீயா ஒரு கூடாரம் அடி. நான் அதுக்குள்ள உட்கார்ந்து டீ குடிக்கிறேன்" என்று இவரும் வாயைக் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் வந்தது. அழைப்பில் போட்டிருந்த நேரத்தை நம்பாமல், கிழவர் பிளாஸ்க்கும் கையுமாக வெகு முன்னாலேயே போய், வண்டிகள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்துகொண்டார். திடலில் ஒரு பிள்ளையும் இல்லை. கழுத்தில் விசில் தொங்கிய முகாம் பொறுப்பாளரும் அவருடைய ஆட்களும் வேர்க்க விறுவிறுக்க எல்லாக் கூடாரங்களையும் அடித்து முடித்தார்கள். பிறகு மகளும் மற்ற பெற்றோரும் வந்து திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் திரண்டார்கள். பாட்டுப் போட்டதும் அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓடிவந்து, ஏற்கெனவே மண்ணில் இறங்கியிருந்த முளைகளின் தலையில் மரச்சுத்தியலால் செல்லமாகத் தட்டினார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது.

கயிற்றோரம் வந்த பேத்தியிடம், விசில்காரர் கூடாரம் நன்றாகத்தான் அடிக்கிறார், சான்றிதழை அவருக்கே கொடுத்துவிடலாம் என்றார் கிழவர். அவள் முகம் சுண்டிப்போயிற்று. தானாகவே அடிக்கப் பழகியதாகவும், விழா அன்று கோணலாகிவிடக் கூடாதென்று அவர்களே அடித்துவிட்டதாகவும் முணுமுணுத்தாள்.

"அப்ப எனக்கு டீ வீட்லதான்."

அவள் விறுவிறுவென்று போய் தன் கூடாரத்தின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கூடாரம் பொத்தென்று படுத்துவிட்டது.

விசில்காரர் பதறி ஓடி வந்தார். படம் எடுத்து முடிந்ததும் பிரித்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். மகள் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள், ஒத்தாசைக்கு.

"அம்மா, தொடாத."

கையில் சுத்தியலோடு சொன்னதால் மற்றவர்களும் தொடவில்லை.

கம்பம் சாய்ந்தது, தூக்கி நிறுத்தினாள், மறுபடி சாய்ந்தது. இதற்குள் சிறப்பு விருந்தினர் வந்து, சொந்தக் காலில் நிற்பதன் பெருமையைப் பற்றி மைக்கில் பேசத் தொடங்கினார். சுத்தியல் சத்தம் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று விசில்காரர் அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அவள் இன்னும் ஓங்கி அடித்தாள்.

ஒருவழியாகக் கூடாரம் எழுந்தது, இடுப்புப் பிடித்துக்கொண்ட ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு.

"வாங்க தாத்தா. டீ ஆறிடப் போகுது."

கிழவர் முழங்கால் முனகத் தவழ்ந்து உள்ளே போனார். கூரைத் துணி அவருடைய வழுக்கையைத் தடவியது. சந்தேகம் விடுமா?

"வெளிய கம்பத்தைப் புடிச்சுட்டு நிக்கிறியா?"

வாசல் துணியை விலக்கிக்கொண்டு, மண் அப்பிய இரண்டு உள்ளங்கைகள் அவர் மூக்குக்கு நேராக நீண்டன.

கிழவர் டீயை ஊற்றி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கூடாரம் விழவில்லை.

வெளியே வந்தால் விசில்காரர் மைக்கோடு நிற்கிறார், முகமெல்லாம் பல்லாக. முகாமால் பேத்தியிடம் வந்த மாற்றத்தைத் தாத்தா நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

"மாத்தமா? கிளம்புறப்பவும் யார் பேச்சையும் கேக்க மாட்டா. இப்பவும் கேக்கல."

தலைமைப் பண்பு என்று விளக்கம் சொன்னார் விசில்காரர். கூட்டம் கைதட்டியது. கிழவர் மைக்கை அவர் கையிலேயே திணித்துவிட்டு, காலி பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார். நாளைக் காலையில் போர்வையை மடிக்கிறாளா என்று பார்த்துவிட்டல்லவா மற்றதைப் பேச வேண்டும்.