வெல்டரின் தோல்

1

இந்தக் கதை என் சொத்தல்ல. என் நாத்தனார் துணி மடித்துக்கொண்டே வாய்தவறிச் சொன்னது: "அண்ணி, அந்த ஆள் போயிட்டார்னு போன் வந்த பிறகும் நான் சாப்பாடு போட்டுட்டேன்."* கேட்ட மாத்திரத்தில், ஐயோ பாவம் என்று தோன்றவில்லை, எழுதிவிடலாம் என்றுதான் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

(* அவள் தீக்காய மருத்துவமனையில் தோல் வளர்ப்பவள். 'அந்த ஆள்' அங்கே சேர்க்கப்பட்டிருந்த, தீயில் வெந்த ஒரு வெல்டர். வெந்தவர் உடம்பில் தீ படாத இடத்திலிருந்து தபால்தலை அளவு தோலை எடுத்து, தட்டில் வளர்த்து, மூன்று வாரத்தில் அவருக்கே போர்த்துவார்கள். இரண்டு நாளுக்கொரு முறை தட்டிலுள்ள சத்துநீரை மாற்றவேண்டும். அதற்கு அங்கே சாப்பாடு என்று பெயர்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உயிரணு ஓர் இயந்திரமா, அல்லது அதற்கும் மேலான' — அடித்துவிட்டேன். கட்டுரை வாடை.

நாத்தனாருக்கு இதில் சந்தேகமே கிடையாது. "எல்லாம் மிஷின்தான் அண்ணி. சூடு, சர்க்கரை, உப்பு சரியா இருந்தா ஓடும். இல்லேன்னா நின்னுடும்."

[மிஷினுக்கு யாராவது சாப்பாடு போடுவார்களா? கைப்பழக்கம் என்கிறாள். நான் நம்பவில்லை. தன் பாத்திரத்தையே நம்பாதவளுக்குக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.]

3

நடந்தது இதுதான். வெல்டர் பத்தொன்பதாம் நாள் காலை இறந்தார். தோல் தயாராக இன்னும் இரண்டே நாள் இருந்தது. மதியம் அவர் மனைவி ஆய்வகக் கதவைத் தட்டினார். வெளியாரை உள்ளே விடக்கூடாது. இவள் விட்டாள்.

நுண்ணோக்கியில் வைத்த கண்ணை அந்த அம்மா வெகுநேரம் எடுக்கவில்லை.

"ஏம்மா, இது உயிரோட இருக்கா?"

"வளருதுக்கா. ஒண்ணு ரெண்டாகுது."

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."

"அவர் போயிட்டார்னு இதுக்கு யாரும் சொல்லலையா?"

இதை எழுதும்போது நான் அழுதேன், மறைப்பானேன்?

4

முடிவு ஒன்று: "வெறும் மிஷின்க்கா" என்று சொல்லிவிட்டு, விதிப்படி தட்டில் பிளீச் ஊற்றுகிறாள். எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை.

முடிவு இரண்டு: தட்டை அந்த அம்மாவிடமே கொடுத்துவிடுகிறாள். வீட்டில் அது இரண்டு நாள் தாங்காது. ஒரே புருஷனை இரண்டாம் முறையும் — வேண்டாம்.

முடிவு மூன்று:

உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

"அழிக்கச் சம்மதம்னு அவங்க கையெழுத்து போடணும் அண்ணி. பேனாவை வாங்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, 'வலிக்குமா'ன்னு."

அவள் சொன்ன பதிலை எழுதப்போவதில்லை. நரம்பில்லாத தோலுக்கு வலி கிடையாது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பது நாள் அவர் அலறியதை வாசலில் உட்கார்ந்து கேட்டவர் அந்த அம்மா. பேனாவைப் பிடித்தபடி இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்.