லிஃப்டில் தொங்கிய பேனா

எங்கள் குடியிருப்பின் செயலாளருக்கு அறிவிப்பு எழுதுவதென்றால் கொள்ளை ஆசை. புதிதாக ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்ததும் மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேனா மட்டும் ஓடியது. திங்களன்று முகமூடி தேவையில்லை என்று ஒட்டினார். புதனன்று முகமூடி இல்லாமல் தலைகாட்டக் கூடாது என்றார். அவரைச் சொல்லி என்ன பயன்? தொலைக்காட்சியில் காலையில் ஒரு டாக்டர் சொன்னதை மாலையில் இன்னொரு டாக்டர் மறுத்துக்கொண்டிருந்தார்.

வியாழனன்று லிஃப்ட் பொத்தானை விரலால் தொடக் கூடாது என்று, பக்கத்தில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார். நாற்பது வீட்டாரும் அந்த ஒரே பேனாவை இறுகப் பிடித்துப் பொத்தானை அழுத்தினோம். எவ்வளவு நிம்மதி!

வெள்ளியன்று கையெழுத்து வேட்டை. நான்காம் மாடி நர்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நோயைக் கொண்டுவந்துவிடுவாளாம். உள்ளே விடக் கூடாதாம். முப்பத்தெட்டு வீட்டார் போட்டோம். கண்ணாடி இல்லாமல் போட்டேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

நர்ஸின் கணவனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் மாமனார் மட்டும். சர்க்கரை வியாதி, மங்கிய கண். மருமகள் வந்து அளந்து ஊசி போட்டால்தான் ராத்திரிச் சாப்பாடு. ஆனால் ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அவர் சுவரைப் பார்த்து, "ஊசி நேரமாச்சு" என்பார். அவளும் சுவருக்கே பதில் சொல்வாள்.

அன்று மாலை ஏழு மணிக்கு அவள் வந்தபோது வாசல் கம்பிக் கதவில் பூட்டு.

"ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியிலயே தங்கிக்கம்மா" என்றார் செயலாளர்.

"என் மாமனாருக்கு ஊசி யாரு போடுவா? நீங்களா சார்?"

"எனக்கு ஊசின்னாலே தலை சுத்தும். அது கிடக்கட்டும், இந்த நோய் எப்படிப் பரவுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"முழுசாத் தெரியாது. எங்க பெரிய டாக்டருக்கே தெரியாது. அதனால அங்கயே குளிச்சு, துணி மாத்திட்டு வர்றேன். தெரியலங்கிறதுக்காக நான் யாரையும் தெருவுல நிறுத்தல." கம்பி வழியே லிஃப்டைப் பார்த்தாள். "அதென்ன பேனா? எல்லாரும் அதையா பிடிக்கிறீங்க?"

செயலாளர் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து ஒரு கர்ஜனை. மாமனார் பால்கனியில் நின்றார்.

"யோவ் செயலாளர்! என் மருமக மேல வரலன்னா நான் கீழ வர்றேன். நாலு மாடி, கண்ணு வேற தெரியாது. உருண்டு விழுந்தா அதையும் நோட்டீஸ்ல எழுதி ஒட்டு!"

நர்ஸ் அண்ணாந்து பார்த்தாள். "மாமா, படியில கால வைக்காதீங்க! இதோ வந்துட்டேன்."

ஆறு வருடத்தில் சுவர் நடுவில் இல்லாத முதல் பேச்சு.

வாசலை ஒட்டிய வீடு என்னுடையது. மாற்றுச் சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். போய்ப் பூட்டைத் திறந்தேன்.

"நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே!" செயலாளர் துள்ளினார்.

"போட்டேன். நீங்க ரெண்டு நாளைக்கு ஒருக்கா நோட்டீஸ மாத்தலாம், நான் ஒரு கையெழுத்த மாத்தக் கூடாதா?"

நர்ஸ் விறுவிறுவென்று உள்ளே போனாள். பேனாவைத் தொடவில்லை. முழங்கையால் பொத்தானில் ஓர் இடி, லிஃப்ட் வந்தது.

சும்மாதான், காற்று வாங்க நான்காம் மாடிப் படி வரை போனேன்.

"மெதுவாக் குத்தும்மா!"

"கைய ஆட்டாம இருங்க மாமா!"

சனிக்கிழமை புது அறிவிப்பு: பொத்தானை முழங்கையால் அழுத்தவும்.