தலைமேல் இரண்டு கைகள்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்.

மாலை வகுப்பில் கூடப் படிக்கும் சுஜாதாவின் பதிலை மூன்று நாட்களாகத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். "உங்க வீட்டுல பொண்ணு கேட்கட்டுமா?" என்று போனில் செய்தி அனுப்பினேன். இரு கைகளையும் தலைமேல் வைத்த பெண்ணின் படம் வந்தது. ஏலச்செடிகள் காற்றில் சாய்ந்தால் எங்கள் எஸ்டேட்டில் எல்லோரும் 'போச்சே' என்று அப்படித்தான் நிற்பார்கள். மறுக்கிறாள் என்று ஒதுங்கிவிட்டேன்.

இன்று மாலைக் கணினி வகுப்பில் இமோஜிப் பாடம். ஜப்பானில் தலைமேல் கைகளை வட்டமாகச் சேர்த்தால் 'சரி' என்று பொருளாம். பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஓகேன்னு அடிச்சேன், போனு அந்தப் படத்தக் காட்டுச்சு," என்றாள் சுஜாதா. "அதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீக?"

எனக்கு இன்னும் சந்தேகம். "வாயால ஒருக்கா சொல்லு."

வகுப்பே பார்க்க, கைகளைத் தலைமேல் வட்டமாகச் சேர்த்தாள்.

நாளை: வேலை முடிந்து எஸ்டேட் ஜீப்பை விட்டு இறங்கியதும், அப்பாவுடன் சுஜாதாவின் ஊரான சிலமலைக்குப் போய்ப் பெண் கேட்க வேண்டும்.