மனைவிக்கு நெஞ்சு வலி என்று எழுதியவர்

எங்கள் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும் முன் நோயாளிகள் போனில், தானாகக் கேள்வி கேட்கும் சாட்பாட்டிடம் நோயை எழுதிச் சொல்ல வேண்டும். அதையெல்லாம் படித்து, யாரை முதலில் அழைப்பது என்று முடிவு செய்வது நர்ஸான என் வேலை. எட்டு மாதம் படித்ததில், ஆளைப் பார்க்காமலே வயதைச் சொல்லிவிடுவேன். காலேஜ் பிள்ளைகள் இரண்டு தும்மலுக்கே புற்றுநோயா என்று கேட்பார்கள். என் வயதுப் பெண்கள் பிள்ளைக்கு, மாமியாருக்கு, நாத்தனாருக்கு எல்லாம் கேட்டுவிட்டுத் தங்கள் முதுகுவலியைக் கடைசி வரியில் போடுவார்கள். அறுபது தாண்டிய ஆம்பளைகள் இருக்கிறார்களே, அப்பப்பா! அவர்களுக்கு நோயே வராது. வருவதெல்லாம் நண்பருக்கு, மச்சானுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு.

அன்று காலை, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எழுதியிருந்தார்: "என் மனைவிக்கு மூணு நாளா படி ஏறினா நெஞ்சு இறுக்குது. இடது கை மரத்துப் போகுது."

சாட்பாட் அதை நம்பி, மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்டிருந்தது. மனுஷன் அதற்கும் யோசித்துப் பதில் போட்டிருந்தார்! எனக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் யாருக்கு இருந்தாலும் அது மாரடைப்பின் அறிகுறி. உடனே போன் போட்டு, "மனைவியை வண்டி வெச்சுக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் கண்டிப்பா வரணும்" என்றேன்.

வாசலில் ஆறே படிகள். அந்த அம்மா விறுவிறுவென்று ஏறி வந்தார். பின்னால் டிரைவர், இரண்டு படிக்கு ஒருமுறை நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்துகொண்டு வந்தார்.

"இவங்கதான் பேஷண்ட்" என்றார், வேர்க்க விறுவிறுக்க.

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆமாம்மா, எனக்குத்தான் வலி. எனக்கே இப்பதான் தெரியும்."

ஈசிஜி எடுக்க வேண்டும் என்றதும் அந்த அம்மா பயந்தவர் போலப் பின்வாங்கினார். "ஐயோ, இத்தனை வயரா! முதல்ல இவர் படுக்கட்டும். ஷாக் அடிக்கலைன்னா நான் படுக்கிறேன்."

"பயந்தாங்கொள்ளி! இதுல என்ன இருக்கு? பாரு" என்று சட்டையைக் கழற்றிவிட்டு ஜம்மென்று படுத்தார் டிரைவர்.

தாள் நீண்டுகொண்டே வந்தது. என் சிரிப்பு நின்றது. டாக்டரை அழைத்தேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆம்புலன்ஸை வரச் சொல்லுங்க. பெரிய ஆஸ்பத்திரியில இப்பவே சேர்க்கணும்" என்றார்.

"யாரை?" என்றார் டிரைவர், படுத்தபடியே.

"உங்களைத்தான்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "நான் படுத்துட்டா இவளை யாரு பாத்துப்பா? அதனாலதான்..."

அதுவரை விளையாட்டுக் காட்டிய அந்த அம்மா, அவர் தோளைப் பிடித்துப் படுக்கையோடு அழுத்தினார். கண்ணீர் பொலபொலவென்று அவர்மேலேயே விழுந்தது.

"பேசாம படுங்க. மூணு நாளா உங்களுக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே முழிச்சுக் கிடக்கேன். இன்னைக்காவது என்னைத் தூங்க விடுங்க."