பிரிண்டர் மேல் படையெடுப்பு

இனி உலகப் போர்கள் எல்லைகளில் நடக்காது, அலுவலகங்களுக்குள்தான் நடக்கும் என்று மேலாளர் பத்மாஸினி காலைக் கூட்டத்தில் அறிவித்தார். அந்நிய நாடொன்று மைசூர்க் கிளையைக் குறிவைத்துவிட்டதாம். கிளையில் மொத்தம் ஒன்பது பேர். பம்புசெட் உதிரிபாகம் விற்கிறார்கள்.

ஆதாரம், எல்லாருக்கும் பொதுவான பிரிண்டர். மறுநாள் தசரா விடுமுறை என்பதால் ஆயுத பூஜையை நேற்று மாலையே முடித்திருந்தார்கள். வைத்த குங்குமம் கலையாமல், விடிந்ததிலிருந்து அது கட்டங்களும் கொக்கிகளுமாகத் தாள் தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"யாரோட கம்ப்யூட்டர்லேர்ந்து வைரஸ் வந்துதுன்னு மத்தியானத்துக்குள்ள சொல்லு அருண்ராஜ். இல்லேன்னா உன் கான்ட்ராக்டை நான் எப்படி ரினியூ பண்றது? இதெல்லாம் பாத்துக்கத்தானே நீ இருக்கே?" என்றார் பத்மாஸினி மேடம்.

ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. கணினிகளைப் பராமரிக்கும் அருண்ராஜ் பிரிண்டருக்கு வந்த வேலைகளின் பட்டியலைத் திறந்தான். அத்தனை குப்பையும் ஒரே முகவரியிலிருந்து வந்திருந்தது. அது யாருடைய கணினி என்று தன் நோட்டில் தேடிப் பார்த்தான். பிறகு நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

"எந்த நாடப்பா?" என்றார் கணக்கர் காளிதாஸ்.

"மேடம் ரூமுங்க."

அங்கே மேடத்தின் லேப்டாப் சாமந்தி மாலையோடு மூடிக் கிடந்தது. மற்றவர்கள் வேலை செய்யலாம். தன் ஆயுதத்தை மட்டும் விஜயதசமி வரை தொடுவதில்லை என்பது மேடத்தின் ஆசாரம்.

"என்னோடதா? சான்ஸே இல்ல. நேத்திக்கே ஆஃப் பண்ணி மாலை போட்டாச்சு."

"பூவெல்லாம் வதங்கிப்போச்சுங்க மேடம். அடியில சுடுது."

மேடம் தொட்டுப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

"ஆஃப் பண்ணிப் போட்டாத்தாங்க பாதுகாப்பு அப்டேட் ஏறும். வாராவாரம் மெயில் போட்டேனுங்க. இதுல ஒண்ணுகூட ஏறல. இப்ப நீங்களே ஒருக்கா ஆஃப் பண்ணிடுங்க. 'மேடம் உடனே நடவடிக்கை எடுத்தாங்க'ன்னு ரிப்போர்ட்ல எழுதிக்கறேன்."

மேடம் மாலையை ஒதுக்கி மூடியைத் திறந்தார். அம்புக்குறி திரையின் நான்கு மூலைக்கும் போய்வந்து நடுவில் நின்றது.

"கதவைச் சாத்து" என்றார். ஒப்பந்தத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "ரிப்போர்ட்ல வெளிநாட்டு சதின்னே இருக்கட்டும். இதை நீயே பாத்துக்கோ."

லேப்டாப் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. அதை எப்படி அணைப்பது என்று மேடத்துக்குத் தெரியாது.